கோல்ஃப் மைதானத்தில் புல்லுக்குள் புல்: எந்தக் களைக்கொல்லி, எந்த இடத்துக்கு?

கோல்ஃப் மைதானத்தில் அகன்ற இலைக் களைகள் பெரிய தலைவலி இல்லை. 1940களில் வந்த 2,4-டி தொடங்கி இன்றைய கலவைகள் வரை, அவற்றை மட்டும் எடுத்துவிட்டுப் புல்லை விட்டுவைக்கும் மருந்துகள் நிறைய உண்டு. புல்லுக்குள் முளைக்கும் புல்தான் உண்மையான சிக்கல். வளர்ப்பதும் புல், ஒழிக்க நினைப்பதும் புல். இரண்டுக்கும் உடலமைப்பு ஏறக்குறைய ஒன்றே. மருந்து புகுந்து வேலை செய்ய இருக்கும் இடைவெளி மிகவும் சிறியது.

ஆகவே களைக்கொல்லிகளை ஒப்பிடும்போது "எது நன்றாகக் கொல்லும்?" என்று தொடங்குவது சரிப்படாது. நன்றாகக் கொல்லும் மருந்துக்குப் பஞ்சமே இல்லை. முதலில் கேட்க வேண்டியது, "என் புல் எதைத் தாங்கும்?" என்பது. அடுத்தது, "களை இப்போது எந்தப் பருவத்தில் இருக்கிறது?" மூன்றாவது, "இந்த இடத்தில் கடந்த ஆண்டுகளில் எந்தக் குழு மருந்து, அதாவது களையை எந்த வழியில் கொல்லும் வகை, போயிருக்கிறது?" இந்த வரிசையில் கேட்டுக்கொண்டே போனால் பட்டியலில் பாதிக்கு மேல் தானாகவே கழிந்துவிடும். மீதி இருப்பவற்றை ஒப்பிடுவதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

பந்துக்குழி இருக்கும் கிரீன், முதல் அடி அடிக்கும் டீ, இரண்டுக்கும் நடுவே வெட்டிவைத்த ஃபேர்வே, அதன் ஓரத்தில் உயரமாக வளரவிட்ட ரஃப் நான்கையும் ஒரே நிலமாகப் பார்ப்பதை முதலில் விட்டுவிட வேண்டும். கிரீனில் புல் சுமார் 3 மில்லிமீட்டர் உயரத்தில் அன்றாடம் வெட்டப்படுகிறது. இலைப்பரப்பு குறைவு, வேர் ஆழம் குறைவு, அடியில் மணல். போட்ட மருந்தைத் தாங்கிக்கொள்ள அந்தப் புல்லிடம் சேமிப்பு எதுவும் இல்லை. உள்ளங்கை அகலத்துக்குப் புல் செத்தாலும் பந்து திசை மாறும். ஃபேர்வேயில் 10 முதல் 13 மில்லிமீட்டர். இங்கே இரண்டு வாரம் மஞ்சளாக இருந்தாலும் ஆட்டம் நடக்கும். ரஃபில் 40 மில்லிமீட்டருக்கு மேல். அங்கே நீண்ட இலைகளே மண்ணில் நிழல் விழச்செய்து களை விதைகளில் ஒரு பகுதியை எழும்பவிடாமல் பார்த்துக்கொள்ளும். ஃபேர்வேக்கு எழுதப்பட்ட மருந்தை அளவு குறைத்துக் கிரீனில் போட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. லேபிளில் கிரீன் என்று இல்லாவிட்டால் அந்த மருந்து கிரீனுக்கு இல்லை, அவ்வளவுதான்.

அடிப்படைப் புல் எது என்பதும் பாதி முடிவைச் செய்துவிடும். அருகம்புல்லின் கலப்பினங்கள், அதாவது பெர்முடா வகைகள், சல்ஃபோனைல்யூரியா மருந்துகளை, அதாவது பெயர் 'சல்ஃப்யூரான்' என்று முடிகிறவற்றை, நன்றாகவே தாங்கும். குளிர்ப்பருவப் புல்லான பென்ட்கிராஸ் அவற்றில் பெரும்பாலானவற்றைத் தாங்காது. கடலோரப் பாஸ்பாலம் உப்பு நீரைப் பொறுத்துக்கொள்ளும், ஆனால் மருந்து விஷயத்தில் ரொம்பவும் மென்மையானது. பெர்முடாவில் சர்வ சாதாரணமாகப் போகும் பல மருந்துகள் பாஸ்பாலத்தைக் கருக்கிவிடும். பெர்முடா ஃபேர்வேயும் பென்ட்கிராஸ் கிரீனும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் மைதானங்களில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஃபேர்வேயில் தெளித்த ரிம்சல்ஃப்யூரான் போன்ற மருந்து, காலைப் பனி ஈரத்தில் காலணியிலும் புல்வெட்டும் இயந்திரத்தின் சக்கரத்திலும் ஒட்டிக்கொண்டு கிரீனுக்கு ஏறிவிடும். சில நாள் கழித்துப் பார்த்தால் கிரீனில் நடந்த தடமெல்லாம் மஞ்சளாகத் தெரியும். சரிவு கிரீனை நோக்கி இருந்தால் ஒரு மழையே போதும். இப்படிப்பட்ட இடத்தில் மருந்து எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

களையை அறியாமல் மருந்தைத் தேட முடியாது

முதல் எதிரி கூஸ்கிராஸ், எலுசின் இண்டிகா. கேழ்வரகின் மூதாதைகளில் ஒன்று இது. கதிரைப் பார்த்தாலே உறவு தெரியும்: ஒரே இடத்திலிருந்து விரிந்த, மெலிந்த விரல்கள். செடி தட்டையாக, சக்கரம் போலத் தரையோடு பரவி, நடுப்பகுதி வெள்ளி நிறமாக இருக்கும். வண்டிப் பாதை, டீயின் ஓரம், கிரீனுக்கு ஏறும் நடைவழி என்று கால்படும் இடமெல்லாம் இதற்கு வீடு. மண் இறுகி, பெர்முடாவின் வேர் திணறும் இடத்தில் இது செழிக்கும். அதனால் கூஸ்கிராஸ் கூட்டமாகத் தெரிந்தால் அந்த இடத்தில் மண் இறுகியிருக்கிறது என்று பொருள். மருந்து போட்டுவிட்டு மண்ணைத் துளையிடாமல் விட்டால் அடுத்த பருவத்தில் அதே இடத்தில் அதே களையைப் பார்க்க வேண்டியதுதான்.

கிராப்கிராஸ், அதாவது டிஜிட்டேரியா வகைகள், இதோடு குழப்பிக்கொள்ளப்படும் இன்னொன்று. இதன் இலை அகலம், நிறம் வெளிறிய பச்சை, கணுக்களில் வேர் விட்டு ஊரும். இரண்டையும் பிரித்தறிவது மருந்துத் தேர்வுக்கு அவசியம், ஏனென்றால் கிராப்கிராஸை நன்றாக அடிக்கும் குயின்க்ளோராக் கூஸ்கிராஸை ஏறக்குறைய ஒன்றும் செய்யாது. முளைக்கும் நேரமும் வேறு. மண்ணின் வெப்பம் தொடர்ந்து சில நாள் 12, 13 டிகிரி செல்சியஸைத் தொட்டால் கிராப்கிராஸ் எழும். கூஸ்கிராஸுக்கு 16 முதல் 18 டிகிரி வேண்டும். சில வாரம் பின்னால்தான் வரும். கிராப்கிராஸுக்கு என்று நாள் பார்த்துப் போட்ட மருந்து, கூஸ்கிராஸ் முளைத்து முடிக்கும் முன்பே மண்ணில் நீர்த்துப்போவது இதனால்தான். குளிர்காலமே இல்லாத வெப்பப் பகுதிகளில் இந்த வெப்பக் கணக்கு உதவாது. அங்கே மண்ணில் ஈரம் எப்போது தொடர்ந்து நிற்கத் தொடங்குகிறதோ அதுதான் முளைக்கும் காலம்.

மூன்றாவது போவா அனுவா. குளிர் மாதங்களின் களை. கோடை தணிந்து மண் சுமார் 21 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது முளைக்கும், வசந்தத்தில் கதிர் விடும். 3 மில்லிமீட்டரில் வெட்டினாலும் அதற்குக் கீழேயே கதிர் விட்டு விதை உதிர்க்கும் திறமை இதற்கு உண்டு. கிரீனில் வெள்ளைத் திட்டுகளாகத் தெரிவது அந்தக் கதிர்கள்தான்.

கோரையை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. தண்டை விரலிடையில் உருட்டினால் முக்கோணமாகத் தட்டுப்படும். அது புல் இல்லை. புல்வகைக் களைக்கான மருந்துகளில் பல அதைத் தொடாது. ஹாலோசல்ஃப்யூரான் போல அதற்கென்று இருப்பதைப் பயன்படுத்த வேண்டும்.

முளைக்கும் முன் போடும் மருந்துகள்

என்னைக் கேட்டால், ஓராண்டுக் களைகளுக்கு முதல் செலவும் முதல் கவனமும் இங்கேதான் போக வேண்டும். முளைத்த களையைப் புல்லிலிருந்து பிரித்துக் கொல்வது கடினம். முளைக்கிற விதையையும் வளர்ந்து நிற்கிற புல்லையும் பிரிப்பது எளிது. இந்த மருந்துகள் விதை முளைப்பதைத் தடுப்பதில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். விதை முளைக்கிறது, முளைவேரோ குருத்தோ மேல்மண்ணில் இருக்கும் மருந்து அடுக்கைத் தொடுகிறது, அப்புறம் சாகிறது. ஆகவே நேற்றே தலைகாட்டிவிட்ட களைக்கு இது பொதுவாக வேலை செய்யாது. போட்டபின் ஓரிரு நாளில் சுமார் 12 மில்லிமீட்டர் நீர் பாய்ச்சி மண்ணுக்குள் இறக்காவிட்டாலும் வேலை செய்யாது.

புரோடயமின், பென்டிமெத்தலின் இரண்டும் ஒரே குடும்பம். வேர்நுனியில் செல் பிரிவதை நிறுத்தும். களையின் வேர் குட்டையாகி நுனி வீங்கிப்போகும். கிராப்கிராஸுக்கு இவை நம்பகமானவை. இரண்டில் ஒன்று என்றால் புரோடயமினைத்தான் எடுப்பேன். மண்ணில் அதிக நாள் நிற்கும், பென்டிமெத்தலின் போல மஞ்சள் கறை படியாது. ஆனால் இந்தக் குடும்பத்துக்கே ஒரு குறை உண்டு: களையின் வேரைப் போலவே நம் புல்லின் புது வேரையும் இது விடாது. அடர்ந்து நிற்கும் பெர்முடாவில் அது பெரிதாகத் தெரியாது. ஓடுதண்டு ஊர்ந்து வந்து கணுவில் வேரூன்றி மூட வேண்டிய வெற்றிடங்களில் தெரியும். பந்தடித்துப் பெயர்ந்துபோன டீ, புதிதாகத் தண்டு நட்ட ஃபேர்வே, குளிரில் அடிபட்டு மீண்டு வரும் புல் இவற்றில் புரோடயமின் போட்டால் களை வராது, புல்லும் வராது.

அந்த இடங்களுக்கு ஆக்ஸாடயசான். இது வேரைத் தொடாது. மண்ணைக் கிழித்து எழும் குருத்தை, வெளிச்சம் படும்போது எரிக்கும். ஓடுதண்டுகள் தடையில்லாமல் வேரூன்றும். கூஸ்கிராஸுக்கு எதிரே முளைமுன் மருந்துகளில் இதற்கு இணை சொல்வது கடினம். கூஸ்கிராஸ் மிகுந்த டீக்கும் நடைவழிக்கும் இதைவிட நல்ல தேர்வு எனக்குத் தெரியாது. இதன் சிக்கல்கள் வேறு மாதிரி. திரவமாகத் தெளித்தால் பச்சை இலையைச் சுடும், அதனால் குருணையாகத்தான் போட வேண்டும். அதுவும் இலை காய்ந்திருக்கும்போது. பனி ஈரத்தில் குருணை இலையில் ஒட்டிக்கொண்டால் புள்ளி புள்ளியாகக் கருகும். ஹெக்டேருக்கு 2 முதல் 4 கிலோ வரை செயல்பொருள் தேவைப்படும், எனவே தூவும் இயந்திரத்தின் அளவுத்திட்டம் சரியாக இருக்க வேண்டும். நீர்வாழ் உயிர்களுக்கு இது கொடியது. குளத்தங்கரையில் அகலமாக ஒரு பட்டை விட்டுத்தான் தூவ வேண்டும்.

இன்டாசிஃப்ளாம் இதற்கு நேரெதிர் கோடியில் நிற்கிறது. ஹெக்டேருக்குச் சில பத்து கிராமே போதும். செல்சுவருக்கான செல்லுலோஸ் உருவாவதைத் தடுக்கிறது. கிராப்கிராஸ், கூஸ்கிராஸ், போவா மூன்றையும் நீண்ட மாதங்கள் அடக்கும். காகிதத்தில் பார்த்தால் இதுவே வெற்றியாளர். ஆனால் இவ்வளவு சிறிய அளவில் இவ்வளவு வலிமை என்றால் கைத்தவறுக்கு இடமே இல்லை என்று அர்த்தம். இரண்டு வீச்சுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்த பட்டை, அடுத்த பருவத்திலும் மெலிந்தே கிடக்கும். மணல் அதிகமான மண்ணிலும், வேர் ஆழம் இல்லாத புல்லிலும் எச்சரிக்கை தேவை. குளிர்காலத்தில் ரைகிராஸ் விதைத்துப் பச்சை காட்டும் பழக்கம் இருந்தால் இதை நினைக்கவே வேண்டாம், விதைத்தது முளைக்காது. அடர்ந்து வேரோடிய பெர்முடா ஃபேர்வே, ரஃப், மேல்விதைப்பு கிடையாது, நல்ல பூம் ஸ்ப்ரேயர், அதை ஓட்டத் தெரிந்த ஆள்: இத்தனையும் இருந்தால் இது அருமையான மருந்து. ஒன்று குறைந்தாலும் புரோடயமினைப் பிரித்துப் போடுவதையே சொல்வேன்.

டித்தியோபிர் கொஞ்சம் தாமதமாகிவிட்டவர்களுக்கு உதவும். தூர் கட்டாத இளம் கிராப்கிராஸையும் பிடித்துவிடும். நாள் தவறிப்போய் அங்கங்கே முளை தெரியும் நிலையில் மற்றவற்றைவிட இது பயன்படும். ஆனால் பென்ட்கிராஸ் கிரீன் என்று வந்துவிட்டால் பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும். பென்சுலைடு பழைய மருந்து, வீரியம் நடுத்தரம், ஆனாலும் அந்த நுட்பமான புல் அதைத் தாங்குகிறது. அங்கே அந்த ஒரு குணம் போதும்.

எந்த மருந்தானாலும் முழு அளவையும் ஒரே நாளில் கொட்டுவதைவிட இரண்டாகப் பிரித்து 6 முதல் 8 வாரம் இடைவெளியில் போடுவது கூஸ்கிராஸ் இருக்கும் மைதானங்களில் கூடுதல் பலன் தரும். முதல் பாதி கிராப்கிராஸைப் பார்த்துக்கொள்ளும், இரண்டாம் பாதி பின்னால் வருவதைப் பார்த்துக்கொள்ளும். மருந்து போட்டபின் துளையிட்டால் அடுக்கு உடைந்துவிடும் என்று பயந்து காற்றோட்டத் துளையிடலைத் தள்ளிப்போடுகிறவர்கள் பலர். அப்படிப் பயப்படத் தேவையில்லை. சோதனைகளில் கட்டுப்பாடு பெரிதாகக் குறைவதில்லை.

முளைத்துவிட்டால்

இங்கே களையின் வயதுதான் எல்லாம். இரண்டு இலை விட்ட கூஸ்கிராஸும் ஐந்து தூர் கட்டிய கூஸ்கிராஸும் மருந்தைப் பொறுத்தவரை இரண்டு வேறு செடிகள்.

கிராப்கிராஸுக்குக் குயின்க்ளோராக் முதல் தேர்வு. மிக இளசாக இருக்கும்போதும், நன்றாக முற்றிய பின்னும் கேட்கும். இடையில் மூன்று நான்கு தூர் இருக்கும் கட்டத்தில் கொஞ்சம் தடுமாறும். மெத்திலேற்றிய விதை எண்ணெய் வகை ஒட்டு திரவம் சேர்க்காவிட்டால் பாதி வேலைதான் நடக்கும். ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும்: தெளித்த பின் வெட்டிய புல்லை மட்க வைத்துக் காய்கறிச் செடிகளுக்குப் போடக்கூடாது. தக்காளி இந்த மருந்தின் சிறு மிச்சத்துக்கும் சுருண்டுவிடும்.

கூஸ்கிராஸுக்குப் பெர்முடாவில் இருக்கும் வழிகளில் ஃபோரம்சல்ஃப்யூரான் மென்மையானது. பெர்முடா நிறம்கூட மாறாது. ஆனால் களை இளசாக இருக்க வேண்டும், பெரும்பாலும் இரண்டாம் முறையும் தெளிக்க வேண்டும், பலன் தெரிய வாரக்கணக்கில் பொறுத்திருக்க வேண்டும். இதற்கு மாற்று டோப்ராமெசோன். இந்த வகை மருந்துகளின் பிறப்பு அழகானது. 1977ல் கலிஃபோர்னியாவில் பாட்டில்பிரஷ் செடியின் அடியில் மற்ற செடிகள் அதிகம் முளைக்காததை ஒரு விஞ்ஞானி கவனித்தார். அங்கே கிடைத்த லெப்டோஸ்பெர்மோன் என்ற பொருளைப் பின்தொடர்ந்த ஆராய்ச்சிதான் மெசோட்ரையோனில் போய் முடிந்தது. டோப்ராமெசோனும் தாக்குவது அதே நொதியைத்தான். இலையின் பச்சையத்தை வெயிலிலிருந்து காக்கும் நிறமிகள் உருவாகாமல் போக, களை வெளுத்துச் சாகும்.

சிக்கல் என்னவென்றால், டோப்ராமெசோன் பெர்முடாவையும் வெளுக்க வைக்கும். குளிர்ப்பருவப் புல்லிலிருந்து பெர்முடாவை அடக்குவதற்கே இதைப் பயன்படுத்துகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பெர்முடாவில் இதைப் பயன்படுத்துவோர் அளவை வெகுவாகக் குறைத்து, தெளித்த கையோடு நீர் பாய்ச்சி இலையிலிருந்து கழுவிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் பெர்முடாவின் வெளுப்பு குறைகிறது, கூஸ்கிராஸ் அப்போதும் அடிபடுகிறது. மெட்ரிபுசினைச் சிறிதளவு சேர்த்தாலும் வெளுப்பு குறையும். முற்றிய கூஸ்கிராஸ் பரவிவிட்ட ஃபேர்வேயில், சில வாரம் வெள்ளைத் திட்டுகளைப் பொறுத்துக்கொள்ள நிர்வாகம் தயார் என்றால், நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். பெரிய போட்டி நெருங்கும் மாதத்தில் தொடமாட்டேன். ஆடுபவர்களுக்கு முன்கூட்டியே அறிவிப்பு வைப்பதும் இந்த மருந்தின் ஒரு பகுதி என்றே சொல்ல வேண்டும்.

பழைய ஆட்கள் எம்எஸ்எம்ஏவை இன்னும் நினைத்துக்கொள்கிறார்கள். கூஸ்கிராஸ், கிராப்கிராஸ், பாஸ்பாலம் வகைக் களைகள் எல்லாவற்றுக்கும் ஒரு காலத்தில் அதுதான் மருந்து. ஆனால் அது ஆர்சனிக் சேர்மம். மண்ணில் கனிம ஆர்சனிக்காக மாறி நிலத்தடி நீருக்குப் போகும் என்ற கவலை நியாயமானது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2009ல் இதன் பெரும்பாலான பயன்களை நிறுத்த உற்பத்தியாளர்களோடு உடன்பாடு செய்தது. ஏற்கெனவே இருக்கும் கோல்ஃப் மைதானங்களில் திட்டுத் திட்டாக, ஆண்டுக்கு மொத்தப் பரப்பில் கால் பங்குக்கு மிகாமல் மட்டுமே அனுமதி என்று அங்கே கட்டுப்படுத்தினார்கள். சட்டம் அனுமதிக்கும் இடத்திலும்கூட, மாற்று இருக்கும்போது ஆர்சனிக்கை மண்ணில் சேர்ப்பதற்கு நான் ஆதரவு தரமாட்டேன். மருந்து தெளிக்கும் தொழிலாளி அதை அள்ளிக் கலக்கும்போது கையில் படுகிறது, அந்த மண்ணின் அடியில் ஓடும் நீரை யாரோ குடிக்கிறார்கள்.

கலவை பற்றி ஒரு வார்த்தை. ஃபெனாக்ஸாப்ராப் போன்ற புல்கொல்லியையும் 2,4-டி வகையையும் ஒரே டேங்கில் கலந்தால், புல்லைக் கொல்லும் திறன் இறங்கிவிடும். ஒரே சுற்றில் வேலையை முடித்துவிடலாம் என்ற ஆசையில் இப்படிக் கலப்பதைவிட இரண்டு தனி நாள் தெளிப்பது நல்லது.

கிரீனில் போவா: அவசரம் ஆகாது

பென்ட்கிராஸ் கிரீனில் போவா அனுவா நுழைந்துவிட்டால், ஒழிப்பதா, அடக்குவதா, சேர்ந்து வாழ்வதா என்ற முடிவு மருந்துத் தேர்வுக்கு முன்னால் வர வேண்டும். போவா பாதிக்கு மேல் இருக்கும் கிரீனில் அதை வேகமாகக் கொன்றால், மிஞ்சுவது வெறும் மண். அந்த மண்ணில் முதலில் முளைப்பது, ஆண்டுக்கணக்கில் உதிர்ந்து கிடக்கும் போவா விதைதான். இங்கே மெதுவாக வேலை செய்வது ஒரு குறையே இல்லை. போவா விட்டுக்கொடுக்கும் இடத்தைப் பென்ட்கிராஸ் அதே வேகத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அந்த வகையில் பேக்லோபுட்ராசால் நல்ல முதல் படி. மாமரத்தைக் காய்க்க வைக்கப் பயன்படும் அதே வளர்ச்சிக் கட்டுப்படுத்திதான். வேர் வழியே ஏறி, செடியை நீளவைக்கும் ஹார்மோனான ஜிப்பெரெலின் உருவாவதைக் குறைக்கிறது. போவாவைப் பென்ட்கிராஸைவிட அதிகமாகக் குட்டையாக்கும். ஒவ்வொரு வெட்டிலும் பென்ட்கிராஸ் கொஞ்சம் முன்னேறும். களைக்கொல்லி என்று சொல்ல முடியாது, ஆனாலும் வளர்பருவம் முழுக்கச் சிறு அளவுகளில் தொடர்ந்தால் மாற்றம் கண்ணுக்குத் தெரியும்.

மெத்தியோசோலின் இன்னும் ஒரு படி மேலே. கொரியாவில் உருவானது, அமெரிக்காவில் 2019 டிசம்பரில் பதிவு கிடைத்தது. பென்ட்கிராஸ் கிரீனிலேயே போவாவை வேர் வழியாக வாரக்கணக்கில் மெல்ல மெல்ல வாட வைக்கும். சிறு அளவுகளில் திரும்பத் திரும்பப் போட்டு, நீர் பாய்ச்சி வேர்ப்பகுதிக்கு இறக்க வேண்டும். போவா கால் பங்குக்குக் குறைவாக இருந்தால் இதையே நேரடியாகத் தொடங்கலாம். அதைவிட அதிகம் என்றால் பேக்லோபுட்ராசாலில் ஒரு பருவம் ஓட்டிக் குறைத்துவிட்டு இதற்கு வருவது பாதுகாப்பானது. இது என் கணிப்பு. கிரீனின் நிழல், வடிகால், ஆட்ட நெரிசல் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். பிஸ்பைரிபாக் சோடியம் பென்ட்கிராஸ் ஃபேர்வேக்கு நன்றாகப் பொருந்தும். கிரீன் உயரத்தில் அதைப் போடுவது வீண் வம்பு.

கிரீனில் இரண்டு மூன்று செடிதான் தெரிகிறது என்றால் கத்தியை எடுத்துக்கொண்டு குனிவதே சிறந்த வழி.

பல்லாண்டுக் களைகளும் அருகம்புல்லுக்குள் அருகம்புல்லும்

டாலிஸ்கிராஸ், டார்பிடோகிராஸ், கிகுயு போன்றவை விதையை மட்டும் நம்பி இருப்பதில்லை. நிலத்தடித் தண்டுகளிலோ தடித்த அடிக்கட்டையிலோ உணவு சேர்த்து வைத்திருக்கும். மேலே கருகியதைப் பார்த்துத் திருப்திப்பட்டுத் திரும்பினால், சில வாரத்தில் அடியிலிருந்து மறுபடி தளிர்க்கும். பெர்முடாவில் டார்பிடோகிராஸுக்குக் குயின்க்ளோராக் தொடர் தெளிப்புத்தான் கைகொடுக்கும். டாலிஸ்கிராஸுக்குச் சல்ஃபோனைல்யூரியா கலவைகளை, செடி தன் உணவைக் கீழே இறக்கும் இலையுதிர் காலத்தில் கொடுத்தால் மருந்தும் அதோடு சேர்ந்து இறங்கும். பெர்முடா முழுதாக உறங்கிப் பழுத்துக் கிடக்கும் குளிர் நாடுகளில், பச்சையாக நிற்கும் களைமேல் மட்டும் கிளைஃபோசேட்டைக் குறிவைத்துத் தெளிக்கலாம். அடியில் பெர்முடாவின் ஓடுதண்டு ஒன்று பச்சையாக இருந்தாலும் வசந்தத்தில் தளிர்ப்பு தாமதமாகும் என்பதால் குனிந்து பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

கலப்பினப் பெர்முடாவுக்குள் நாட்டு அருகம்புல் கலந்துவிட்டால் வேதி வழியில் பிரிக்கவே முடியாது. "ஆல் போல் தழைத்து அருகு போல் வேரோடி" என்று வாழ்த்தியதே அதன் வேரைப் பார்த்துத்தானே. அந்தத் திட்டை மொத்தமாகக் கொன்று, மீண்டும் தளிர்ப்பதை மறுபடி கொன்று, பின்பு புதிய புல்தளம் பதிப்பது ஒன்றே வழி. ஜோய்சியா என்ற வேறு வகைப் புல்தளத்துக்குள் அருகம்புல் என்றால் நிலைமை தேவலை: ஃபுளுவாசிஃபாப்போடு ட்ரைக்ளோபிர் சேர்த்துத் தொடர்ந்து கொடுத்தால் அருகம்புல் அடங்கும், ஜோய்சியாவும் அதிகம் அடிபடாது.

குழு எண்ணைப் பாருங்கள், பெயரை அல்ல

மருந்துப் புட்டியில் இருக்கும் குழு எண்தான் இனி வரும் ஆண்டுகளைத் தீர்மானிக்கும். கூஸ்கிராஸ் இந்த விஷயத்தில் பழைய கை. 1973லேயே தென் கரோலினாவின் பருத்தி வயல்களில் புரோடயமினின் உறவான ட்ரைஃப்ளூரலினுக்கு எதிர்ப்புத்திறன் காட்டியது. 1997ல் மலேசியாவில் கிளைஃபோசேட்டுக்கும் தப்பியது. போவா அனுவா இன்னும் மோசம். உலகெங்கும் பல குழு மருந்துகளுக்கு அதன் எதிர்ப்புத்திறன் பதிவாகியிருக்கிறது. ஒரே இடத்தில் ஆண்டுதோறும் அதே குழுவைப் போடும்போது, தப்பிய சில செடிகளின் விதைகளை நாமே தேர்ந்தெடுத்து வளர்க்கிறோம்.

புரோடயமினிலிருந்து பென்டிமெத்தலினுக்கோ டித்தியோபிருக்கோ மாறுவது மாற்றமே இல்லை. மூன்றும் 3ஆம் குழு. அங்கிருந்து 14ஆம் குழுவின் ஆக்ஸாடயசானுக்கோ 29ஆம் குழுவின் இன்டாசிஃப்ளாமுக்கோ போனால்தான் களைக்கு அது புதிது. முளைத்த பின் போடுவதிலும் அப்படியே: ஃபோரம்சல்ஃப்யூரானும் ட்ரைஃப்ளாக்ஸிசல்ஃப்யூரானும் 2ஆம் குழு, டோப்ராமெசோன் 27. முளைமுன் மருந்து ஒரு குழு, தப்பியவற்றுக்கு வேறு குழு என்று ஒரே பருவத்துக்குள் இரண்டைச் சேர்த்துப் போடுவது, ஆண்டுக்கு ஆண்டு மாற்றுவதைவிட வலிமையானது. தப்பி நிற்கும் ஓரிரண்டு செடிகளை விதை விடும் முன் கையால் பிடுங்குவதையும் நான் இந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன்.

சரி, நடைமுறைக்கு வருவோம். பெர்முடா ஃபேர்வே, கூஸ்கிராஸும் கிராப்கிராஸும் கலந்த களை, கொஞ்சம் போவா என்ற வழக்கமான மைதானம் கையில் இருந்தால் நான் இப்படிப் பிரிப்பேன். ஃபேர்வேக்கும் ரஃபுக்கும் புரோடயமின் இரண்டு தவணை. டீக்கும் நடைவழிக்கும் வண்டிப் பாதை ஓரத்துக்கும் ஆக்ஸாடயசான் குருணை, கூடவே துளையிடல். தப்பிய இளம் கூஸ்கிராஸுக்குத் திட்டுத் திட்டாக ஃபோரம்சல்ஃப்யூரான். முற்றியதற்கு டோப்ராமெசோன், போட்டி இல்லாத வாரத்தில். மேல்விதைப்பு இல்லாத ஃபேர்வேக்களில் மூன்றாம் ஆண்டு வாக்கில் புரோடயமினுக்குப் பதில் இன்டாசிஃப்ளாம். கிரீனுக்கு இவை எதுவும் இல்லை. அங்கே பேசியது தனி.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், தெளிக்கும் அன்று ஃபேர்வேக்கு ஓரிடத்தில் ஒரு மீட்டர் சதுர ஒட்டுப்பலகையைத் தரையில் போட்டு, அதன்மேல் தெளித்துவிட்டு, மருந்து காய்ந்ததும் எடுத்துவிட்டு நான்கு மூலையிலும் அடையாளம் வைத்துவிடுங்கள். ஆறு எட்டு வாரம் கழித்து, அந்தச் சதுரத்தில் மட்டும் களை நிறைந்திருந்தால் மருந்து வேலை செய்கிறது. உள்ளேயும் வெளியேயும் ஒன்றுபோல் களை இருந்தால், நாசில் அளவையும் பாய்ச்சிய நீரையும் தெளித்த தேதியையும் சரிபாருங்கள். அவை மூன்றும் சரி என்றால் தப்பிய செடிகளின் விதையைச் சேகரித்து எதிர்ப்புத்திறன் சோதனைக்கு அனுப்புங்கள். முடிவு வரும்வரை அந்த ஃபேர்வேயில் அதே குழு மருந்தை மறுபடி தெளிக்க வேண்டாம்.